உத்தரவு இருக்கிறது, பணம் எங்கே?

ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும். "புருஷன் காசுல உட்கார்ந்து சாப்பிடப் பார்க்கிறா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது. உட்கார்ந்து சாப்பிடுவதா? என் சித்தி மகளுக்குத் துணையாகக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்வருகிறவள் நான். அந்தப் பணத்துக்காக அவள் அலைகிற அலைச்சலுக்குக் கூலி போட்டாலே ஜீவனாம்சத் தொகையைத் தாண்டிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத மனைவிக்கு, வசதியுள்ள கணவன் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகு அதுவே 144. ஒரு காலத்தில் கணவன் எவ்வளவு பெரிய சம்பளக்காரனாக இருந்தாலும் இந்தப் பிரிவில் 500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். வழக்கு முடியும்வரை அடுப்பு எரிய வேண்டுமே என்று இடைக்கால ஜீவனாம்சத்தையும் அப்போதே சேர்த்தார்கள். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாளுக்குள் கூடியவரை அந்த மனுவை முடிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள்.

நோட்டீஸ் சேர்ந்தால்தானே 60 நாள்? "கதவு பூட்டியிருக்கிறது", "ஆள் ஊரில் இல்லை" என்று எங்களுக்குச் சம்மன் திரும்பித் திரும்பி வந்தது. அதே ஆள் தெருமுனை டீக்கடையில் நிற்பதைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் போன் போடுகிறார்கள். ஒருவழியாகச் சம்மன் சேர்ந்தால், வக்காலத்துப் போட ஒரு வாய்தா, கவுன்ட்டர் போட ஒரு வாய்தா. நீதிபதி லீவு என்றால் வாய்தா, வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தால் வாய்தா. நடுவில் கவுன்சலிங். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் இவளைப் பார்த்து, "குழந்தைக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போகக் கூடாதாம்மா?" என்றார். அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணித்தானே அம்மா இவள் இங்கே வந்து நிற்கிறாள்!

வருமான விவகாரத்துக்கு வருகிறேன். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அருமையான தீர்ப்பு கொடுத்தது. இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சத்தைக் கணக்கிட வேண்டும் என்றது. காகிதத்தில் படித்தபோது எனக்குக் கண்ணீரே வந்தது. நடப்பில் என்ன ஆயிற்று? இவள் கணவர் தாக்கல் செய்த பத்திரத்தின்படி மாதச் சம்பளம் 12,000. பார்த்த வேலையை ராஜினாமா செய்துவிட்டாராம், நண்பர் கடையில் உதவியாளராம். வீடு அம்மா பெயரில், கார் அண்ணன் பெயரில். அப்பாவின் மருந்துச் செலவும் கைமாற்றுக் கடனும் மட்டும் அவர் பெயரில்.

இவள் வருமானத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார்கள். கவுன்ட்டரோடு ஒரு போட்டோ இணைத்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாக எடுத்தது. தையல் மிஷின் முன்னால் இவள் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் இஞ்ச் டேப், மடியில் பாதி தைத்த ஜாக்கெட், பக்கத்தில் குழந்தையின் புத்தகப் பை. "மனுதாரர் தொழில் செய்து போதிய வருமானம் ஈட்டுகிறார்." ஒரு ஜாக்கெட்டுக்குக் கிடைக்கிற கூலியில் லைனிங், நூல், கொக்கி போக என்ன மிஞ்சும் என்று எழுதியவருக்குத் தெரியுமா? மனைவி தெருவில் கையேந்தும் நிலைக்கு வந்த பிறகுதான் கேட்கலாம் என்பதில்லை என்று சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீட்டில் இருந்து மனைவி செய்கிற வேலையும் கணவன் சொத்துச் சேர்ப்பதற்கான பங்களிப்புதான் என்று 2023-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வளவு ஆன பிறகும் ஒரு தையல் மிஷினைச் சாட்சிக்கு நிறுத்துகிறார்கள்.

இன்னொன்றை விட்டுவிட முடியாது. ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கி அத்துவிடுகிறார்களே, அதன் விபரீதம் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது? "இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கும். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று அதே 144-ம் பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. அழுதுகொண்டே போட்ட கையெழுத்தைக் கொண்டுவந்து "சம்மதித்துத்தானே பிரிந்தாய்" என்று கோர்ட்டில் நீட்டுகிறார்கள். விவாகரத்து வேண்டாம், சேர்ந்தும் வாழ முடியாது என்கிற இந்துப் பெண்ணுக்கு முறையான வழி இருக்கிறது. 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 10-வது பிரிவில் நீதிமன்றம் மூலமே பிரிந்து வாழ உத்தரவு வாங்கலாம். கொடுமை செய்தான், கைவிட்டான் என்றால் 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18-வது பிரிவில் தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சமும் கேட்கலாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அந்தப் பஞ்சாயத்தில் ஒருவராவது இருக்கிறாரா? தயவுசெய்து, இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தப் பெண்ணும் முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் உதவுகிறார்கள்.

சரி, உத்தரவு வந்தது. முதல் இரண்டு மாதம் பணமும் வந்தது. பிறகு நின்றது. நிலுவைக்குத் தனி மனு, அதற்குத் தனி நம்பர், திரும்பவும் சம்மன். ஒரு வருஷத்துக்குள் கேட்காமல் விட்டால் பழைய பாக்கிக்கு வாரண்ட்டே கிடையாது. ஆக, வருஷம் தவறாமல் அவள்தான் மனுப் போட வேண்டும். வாரண்ட் வாங்கினாலும் ஆள் தப்பித்துக்கொண்டே இருப்பான். மாத பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம், உள்ளே போய்வந்தாலும் கடன் தீராது என்று குல்தீப் கௌர் வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னதும் எங்கள் சித்தியே, "மாப்பிள்ளையை உள்ளே தள்ளிட்டான்னு நாளைக்கு நம்மளத்தானே சொல்லுவாங்க" என்கிறார்.

2024 டிசம்பரில் கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் ஜீவனாம்சப் பணத்தில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகளாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். நோட்டாக மாற்றிக் கொண்டுவரும்படி நீதிபதி சொன்னார். செய்தியைப் பகிர்ந்தவர்கள் பாதிப் பேர் சிரித்தார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும்போதுகூட அவளைக் கேவலப்படுத்தத்தான் வேண்டும் என்றால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வண்டிக் கடன் தவணை ஒரு மாதம் தவறட்டும், வங்கிக்காரன் சும்மா விடுவானா? தேதி பிறந்ததும் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறான். குழந்தையின் ஸ்கூல் பீஸுக்கும் அரிசிக்கும் கோர்ட் போட்ட உத்தரவை வசூலிக்கிற வேலையை மட்டும் பணமில்லாத அந்தப் பெண்ணின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அப்படியானால் உத்தரவு போடுகிற அன்றைக்கே அதன் நகல் அவன் வேலை செய்யும் இடத்துக்கும் வங்கிக்கும் போகட்டும். ஒரு மாதம் தவறினால் கோர்ட் அலுவலகமே தொடர் நடவடிக்கை எடுக்கட்டும். சம்பளச் சான்றைக் கோர்ட்டே வரவழைக்கட்டும். பாக்கி எவ்வளவு என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அவள் ஏன் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்க வேண்டும்?