வயல் தண்ணீரும் எலிக்காய்ச்சலும்

கேள்வி: ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாத வயலில் களை எடுத்துவந்த என் மனைவிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்காலில் கடும் வலி, கண்ணும் சிவந்திருக்கிறது. வயல் தண்ணீர் காரணமா?
— விவசாயி, எளாவூர்.

பதில்: இருக்கலாம். இவை எலிக்காய்ச்சலின் அறிகுறிகள். எலி, மாடு, நாயின் சிறுநீரில் வெளியேறும் கிருமி, தேங்கிய நீரிலிருந்து கால் வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் புகும். கடை மாத்திரையோடு காத்திருக்காமல் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த இரத்தப் பரிசோதனை என்று முடிவு செய்ய அது உதவும். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை டாக்டர் சொற்படி ஆரம்பத்திலேயே எடுத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல் கெடும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். வரப்பைக் குறுகலாக அமைத்தால் எலி வளையும் குறையும்.