விமானம் தாமதம், தகவல் அதைவிடத் தாமதம்

எங்கள் ஊர் புளியங்குடி. எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். காய் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் லாரி ஆரியங்காவு பக்கம் பஞ்சராகி நின்றுவிட்டால் டிரைவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? இறக்கப் போகும் கடைக்குப் போன் போட்டு, "இரண்டு மணி நேரம் ஆகும்" என்பார். ஸ்டெப்னி மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

கம்ப்யூட்டருக்கும் சாப்ட்வேருக்கும் கோடிகளைக் கொட்டும் விமான நிறுவனங்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

என் அம்மா முதல் முறையாக விமானம் ஏறிய கதையைச் சொல்கிறேன். நான் பெங்களூரில் சாப்ட்வேர் இன்ஜினியர். வேலை மும்முரத்தில், "டிக்கெட்டை அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அப்பா ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டார். மதுரையிலிருந்து மாலை 5.30-க்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை மதியமே காரில் கிளம்பிவிட்டார்கள். அப்பா வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் விமானம் 8 மணிக்கு என்று அம்மாவுக்குத் தெரிந்தது. 8 மணிக்கும் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "இன்னும் அரை மணி நேரம்" என்ற ஒரே பதில். போர்டில் 'தாமதம்' என்ற ஒற்றைச் சொல். "இங்க கேட்டா ஒருத்தரும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்காவ ஐயா" என்றார் அம்மா போனில்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டாகிவிட்டது, சாப்பிடவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சாண்ட்விச் கொடுத்தார்களாம். கேட்கலாம் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. கடையில் டீ விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். விமானம் கிளம்பியபோது மணி 9.40.

இதில் என் கோபம் தாமதத்தின் மீது இல்லை. இயந்திரம் என்றால் கோளாறு வரும், மழை வரும், பனி வரும். என் கோபம் வேறு. இரவு 7 மணிக்கே, வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்து, "9.30-க்கு முன்னால் கிளம்பாது, முதலில் சாப்பிடுங்கள்" என்று அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தது கவுண்டரில் இருந்தவர்களுக்குத் தெரியாதா?

எனக்கு எப்படித் தெரிந்தது? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. இன்றைய விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஏ.டி.எஸ்-பி என்ற ரேடியோ சிக்னல் மூலம் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே பறக்கின்றன. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் சிறிய ரிசீவர்களை வைத்து அதைப் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றுகிறார்கள். ஸ்வீடனில் 2006-ல் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 இதைத்தான் வரைபடமாகக் காட்டுகிறது. பிரவுசரில் அந்த வெப்சைட்டைத் திறந்து விமான எண்ணை டைப் செய்யுங்கள். உங்கள் பயணத்துக்கு எந்த விமானம் ஒதுக்கப்பட்டுள்ளது என்ற பதிவு எண் பெரும்பாலும் கிடைக்கும். நம் நாட்டு விமானங்களுக்கு அது 'வி.டி.' என்று தொடங்கும். அதைக் கிளிக் செய்தால் அந்த விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் ஓர் ஊரில் தாமதமானால் அது மாலை வரை தொடரும். அம்மாவின் விமானம் அன்று 7 மணிக்கு வேறொரு ஊரில் தரையில்தான் நின்றது.

ஆக, தகவல் இருக்கிறது. சொல்ல மனம்தான் இல்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே இதைப் பார்த்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய பணி நேர விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. அவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கேற்ப இண்டிகோ சரியாகத் திட்டமிடவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ரத்தாயின. பலருக்கு விமான நிலையம் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. வட இந்தியப் பனிமூட்டக் குழப்பத்துக்குப் பிறகு, தாமதம் பற்றிய சரியான தகவலை வெப்சைட்டிலும், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், இமெயில் வழியாகவும் உடனுக்குடன் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்தவர்களுக்கு உணவு தர வேண்டும் என்பதும் அதன் விதிதான். நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு விலக்குகள் உண்டு. ஆனால் விதி தெரிந்தவர்தான் கேட்க முடிகிறது.

இனி நம் பக்கத்துத் தவறு. மறுநாள் பிரவுசிங் சென்டரில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. நேரம் மாறிய எஸ்.எம்.எஸ். காலை 11 மணிக்கே வந்திருக்கிறது. யாருக்கு? பிரவுசிங் சென்டர்காரரின் நம்பருக்கு! டிக்கெட்டில் பதிவாகியிருந்தது அவருடைய போன் நம்பரும் மெயிலும்தான். ஞாயிறு என்பதால் கடை பூட்டியிருந்தது. அம்மாவின் விமானத்துக்கு முதல் தாமதத்தை உண்டாக்கியது நிறுவனம் என்றால், இரண்டாவதை உண்டாக்கியது என் சோம்பல். இன்னொன்றும் கவனியுங்கள். முன்பதிவின்போது சரியான தொடர்பு விவரம் தராதவர்களுக்கு, விமானம் ரத்தானாலும் இழப்பீடு கிடையாது என்று அதே விதிகள் சொல்கின்றன.

எனவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களே, டிக்கெட்டை நீங்களே போடப் பழகுங்கள். ஏஜென்ட் போட்டாலும் பயணியின் நம்பரையும் மெயிலையும் கொடுக்கச் சொல்லி, பிரிண்ட் அவுட்டில் சரிபாருங்கள். கிளம்பும் முன் விமானம் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பிரச்சினை வந்தால், மத்திய அரசின் ஏர்சேவா வெப்சைட்டில் பி.என்.ஆர். எண்ணுடன் புகாரைப் பதிவு செய்யுங்கள். போர்டையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் புகாருக்கு உதவும்.

ஆனால் இவையெல்லாம் நாம் செய்துகொள்ளும் கைவைத்தியம். லேப்டாப் இல்லாத அம்மாக்களுக்கு யார் சொல்வது? ஒரு புரோகிராமராகச் சொல்கிறேன். உண்மையான நேரத்தைப் பயணியின் மொழியில் ஒரு வரியாக அனுப்புவது கடினமான வேலையே இல்லை. லாரி டிரைவர் செய்வதை, விமானம் ஓட்டுகிறவர்களும் செய்யட்டும்.