பறித்து வைப்பதா, பக்கத்தில் இருந்து படிப்பிப்பதா?



கடந்த வாரம் கணினிக் கூடத்தில் எமது மாணவர் ஒருவர் தீப்பெட்டியை விடச் சிறிய போர்ட் ஒன்றை யூஎஸ்பியில் செருகினார். கீபோர்ட்டை யாரும் தொடவில்லை. நோட்பேட் தானாகத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஸலாம் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இது ஹெக்கிங், பறித்து வையுங்கள்" என்றார்கள் பெரியவர்கள். உண்மையைச் சொன்னால், நாமும் பறிக்கத்தான் கை நீட்டினோம்.

அது ராஸ்பெரி பை பிக்கோ. 2021இல் 4 டொலர் விலையில் வெளிவந்தது. அதில் சர்க்கிட்பைதனை ஏற்றி, கீபோர்ட்டுக்கான லைப்ரரியையும் சேர்த்து, சில வரிகள் எழுதினால் போதும். அடுத்து செருகும்போது "நான் கீபோர்ட்" என்று அது கணினியிடம் சொல்லும். கணினியும் நம்பிவிடும். தட்டுவது விரலா, போர்டா என்று அதற்குத் தெரியாது.

பயத்தில் நியாயம் உண்டு. இப்படிப்பட்ட யூஎஸ்பிகளைக் குற்றக் கும்பலொன்று அமெரிக்க நிறுவனங்களுக்குத் தபாலில் அனுப்புவதாக 2022 ஜனவரியில் எப்.பீ.ஐ. எச்சரித்தது. எமது நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது குற்றம்.

ஆனால் பறித்துவிட்டால் பிள்ளை அதை மறைவில் செய்யும். அப்போது பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம். அதே போர்டில் பெரிய பொத்தான் ஒன்றை இணைத்தால், கை சரியாக இயங்காத பிள்ளை ஒரே அழுத்தில் முழு வசனம் எழுதலாம். அந்த நன்மையையும் சேர்த்தே பறிக்கிறோம்.

பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று ஸூரதுந் நூர் கற்பிக்கிறது. பிறர் கணினியும் அப்படித்தான். இந்த அமானிதத்தைப் படிப்பிக்காமல் பைதன் மட்டும் படிப்பித்தால் பிழை எம்முடையது.

எனவே பாடசாலையில் இணையத் தொடர்பில்லாத பழைய கணினி ஒன்றை இதற்கென ஒதுக்குவோம். ஆசிரியர் முன்னிலையில், உரியவரிடம் கேட்டே செருகட்டும். பெரியவர்களும் கண்டெடுத்த யூஎஸ்பியைச் செருகாதீர்கள். எழும்பிப் போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் பையில் போர்டும் வயரும் இருந்தால் உடனே ஏசாதீர்கள். "இது என்ன செய்யும்? யாரிடம் கேட்டுச் செருகினாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால், படிப்பித்தது வீண்போகவில்லை.