ரெண்டு மார்க் ரேமும் வீட்டு ரேமும்

எஸ்ரேமுக்கும் டிரேமுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, நம்ம காலேஜ்ல பாதிப்பேர் தூக்கத்துல கூட பதில் சொல்லிடுவாங்க. ஒன்னுல ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர், இன்னொன்னுல ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். டிரேமை விடாம ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருக்கணும். பார்ட் ஏ, ரெண்டு மார்க். ஆனா அதே ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ரேம் வாங்கணும்?"னு சொந்தக்காரங்க கேட்டா, "கடையில கேளுங்க மாமா, அவங்க சொல்வாங்க"ன்னு நழுவிடுறோம். இஞ்சினியரிங் படிக்கிற நம்ம இதைச் சொல்லக்கூடாதுங்கறதுதான் என் கருத்து.

இதை இப்போ எழுத ரெண்டு காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு வந்த வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் பெரும்பாலும் 8-ஆம் ஜெனரேஷன்ல இருந்துதான் தொடங்குது. அதனால "பழைய மெஷினைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு"ங்கற பேச்சு எல்லா வீட்லயும் கேக்குது. ரெண்டாவது, அதே வருஷக் கடைசியில ரேம் விலை கடகடன்னு ஏறிச்சு. உலகத்து டிரேம்ல பெரும்பகுதியைச் செய்யுறது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனிதான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போக, நம்ம பக்கம் வர்றது குறைஞ்சிருச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான் தன்னோட க்ரூஷியல் பிராண்ட் நுகர்வோர் வியாபாரத்தை விட்டே விலகுறதா அறிவிச்சது. விலை குறைவா இருந்தப்போ தப்பான ரேம் வாங்கினா, "சரி போகட்டும்"னு விடலாம். இப்போ அது ஒரு மாச மெஸ் பில் மாதிரி வலிக்கும்.

அப்போ "செட் ஆகும், ஆகாது"ங்கறதை எதை வச்சு முடிவு பண்றது? நாலே கேள்விதான்.

முதல் கேள்வி: எந்தத் தலைமுறை? டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூணும் ஒன்னுக்கொன்னு மாத்திப் போட முடியாது. டெஸ்க்டாப் டிடிஆர்3-ல 240 பின், டிடிஆர்4-ல 288. டிடிஆர்5-லயும் 288தான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு வேற இடத்துல இருக்கும். வோல்டேஜும் வேற: டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. அந்த வெட்டு சும்மா வைக்கல, தப்பான ரேம் உள்ள போகக்கூடாதுன்னுதான் வச்சிருக்காங்க. எங்க ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தனோட வீட்ல டிடிஆர்3 போர்டுக்கு ஆன்லைன்ல டிடிஆர்4 வாங்கிட்டாங்க. "புதுசு இல்லையா, டைட்டாத்தான் இருக்கும்"னு அவங்க அப்பா அழுத்தியிருக்கார். ஸ்லாட் போயிருச்சு. ரெண்டு ஸ்லாட் இருந்த போர்டுல இப்போ ஒன்னுதான் மிச்சம். பையன் நம்ம காலேஜ்ல இசிஇ படிக்கிறான், வீட்ல யாரும் அவனைக் கேக்கல. கேட்டா தெரியும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. எனக்கு உறுத்துறது அந்த விஷயம்தான்.

இதுல புராசஸர் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணவும் கூடாது. இன்டெல் 12-ஆம் ஜெனரேஷன் டெஸ்க்டாப் புராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டையும் தாங்கும், எதுன்னு தீர்மானிக்கறது மதர்போர்டு. ஏஎம்டி பக்கம் கொஞ்சம் சுலபம்: ஏஎம்4 சாக்கெட்னா டிடிஆர்4, ஏஎம்5-னா டிடிஆர்5.

ரெண்டாவது கேள்வி: எந்த வடிவம்? டெஸ்க்டாப்புக்கு நீளமான டிஐஎம்எம், லேப்டாப்புக்கு அதுல பாதி நீளத்துல எஸ்ஓ-டிஐஎம்எம். ஆல்-இன்-ஒன், மினி பிசி வச்சிருக்கறவங்க கவனிங்க, பார்க்க டெஸ்க்டாப் மாதிரி இருந்தாலும் உள்ள பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் இருக்கும். பழைய லேப்டாப்னா இன்னொரு சிக்கல், டிடிஆர்3எல். அந்த "எல்" 1.35 வோல்ட்டைக் குறிக்குது. சாதா டிடிஆர்3 போர்டுல டிடிஆர்3எல் பொதுவா ஓடிடும், ஆனா 1.35 மட்டுமே கேக்கற லேப்டாப்ல 1.5 வோல்ட் ரேம் ஓடாது.

மூணாவது கேள்வி: எவ்வளவு தாங்கும்? நம்ம ஊர் வீடுகள்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற 4-ஆம் ஜெனரேஷன் ஐ3, எச்81 போர்டு மெஷினையே எடுத்துக்கங்க. ரெண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி, அதிகபட்ச வேகம் 1600. அதுக்கு மேல காசு கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அதோட, உள்ள 32 பிட் விண்டோஸ் இருந்தா 4 ஜிபிக்கு மேல அது தொடவே தொடாது. 8 ஜிபி போட்டுட்டு "ஒரு மாற்றமும் இல்லையே"ன்னு புலம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

நாலாவது கேள்வி: ஏற்கெனவே உள்ள என்ன இருக்கு? 2400 ரேம் இருக்கற மெஷின்ல 3200 ரேமைச் சேர்த்தா ரெண்டும் 2400-லதான் ஓடும். கெட்டுப் போகாது, ஆனா வேகத்துக்குன்னு கூடுதலா கொடுத்த காசு வீண். ஒரே 16 ஜிபியை விட ரெண்டு 8 ஜிபி நல்லது, டூயல் சேனல் கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும், ஏன்னா கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. "ஒரே பிராண்டா வாங்கணும்"ங்கறது பாதி உண்மைதான். ஒரே பிராண்ட்லயே உள்ள சிப் மாறியிருக்கலாம். ஜோடியா டெஸ்ட் பண்ணி கிட்டா விக்கறது பாதுகாப்பு, மத்தபடி தலைமுறை, வடிவம், வோல்டேஜ், வேகம் பொருந்தினா வேற பிராண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இந்த நாலுக்கும் பதில் தேட மெஷினைத் திறக்கக்கூட வேண்டாம். விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, என்ன வேகம், எல்லாம் அங்கேயே இருக்கு. தலைமுறை தெரியலைன்னா சிபியு-இசட் சொல்லும். லினக்ஸ்னா டிஎம்ஐடிகோட் போதும். ரேம் மேல ஒட்டியிருக்கற லேபிள்ல பிசி4-25600னு இருந்தா பயப்படாதீங்க. 64 பிட் பஸ், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். 25600-ஐ எட்டால வகுத்தா 3200. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல படிச்ச பேண்ட்வித் கணக்கு அப்படியே ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கு, நம்மதான் பார்க்கல.

மலிவா கிடைக்குதேன்னு சர்வர்ல இருந்து கழட்டின ரெஜிஸ்டர்டு ரேமை வாங்கிடாதீங்க. பார்க்க அச்சா அதே மாதிரி இருக்கும், வெட்டுகூட பொருந்தும், ஆனா சாதாரண டெஸ்க்டாப் போர்டு பூட் ஆகாது. அதே மாதிரி பாக்கெட் மேல 3600னு போட்டிருந்தா, பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணாத வரைக்கும் அது பெரும்பாலும் குறைஞ்ச வேகத்துலதான் ஓடும்.

"இதெல்லாம் கடைக்கார அண்ணனுக்குத் தெரியும், நமக்கெதுக்கு?"னு கேக்கலாம். நியாயம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல இருபது வருஷமா உக்காந்திருக்கற ஆளுக்கு நம்ம புரொஃபசரை விட ரேம் பத்தித் தெரிஞ்சிருக்கும். ஆனா அவர் நம்ம வீட்டு மெஷினைப் பார்க்கல. "அண்ணா, ஒரு ரேம் வேணும்"னு போய் நின்னா அவர் ஊகிச்சுத்தான் கொடுக்க முடியும். "எச்81 போர்டு, டிடிஆர்3 1600, ஒரு 4 ஜிபி இருக்கு, ஒரு ஸ்லாட் காலி"ன்னு சொன்னா, யூஸ்டு ஸ்டாக்ல இருந்து சரியானதை ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துடுவார். விலை பேசவும் நமக்கு வாய் வரும்.

ரேம்தான் எல்லாத்துக்கும் மருந்துன்னும் நான் சொல்லல. அதே டாஸ்க் மேனேஜர்ல மெமரி பாதிதான் நிரம்பியிருக்கு, ஹார்டு டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நிக்குதுன்னா, உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி. மெமரி விளிம்புல நின்னாத்தான் ரேம். விண்டோஸ் 11 ஏறாத மெஷின்ல ரேமோட லினக்ஸ் மின்ட் போட்டா, தங்கச்சிக்கு நோட்ஸ் எடுக்கவும், கிளாஸ் பார்க்கவும், பைத்தான் பழகவும் தாராளம். அந்த மெஷின்ல தினம் கேம் விளையாடணும்னா புதுசு வாங்குறதுதான் சரி, அதுல வாதம் இல்லை.

ஆனா புதுசு வாங்கறப்பவும் இதே அறிவு வேணும். இப்போ வர்ற மெலிசு லேப்டாப்கள்ல நிறைய எல்பிடிடிஆர் ரேமை போர்டுலயே சால்டர் பண்ணிடுறாங்க. கரன்ட் மிச்சம், வேகம் அதிகம், ஒத்துக்கறேன். ஆனா அப்புறம் ஒரு ஜிபி கூட சேர்க்க முடியாது. முதல் வருஷம் 8 ஜிபி போதும்னு வாங்கற பையன், மூணாவது வருஷம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோ மேட்லேபோ திறக்கறப்போ மாட்டிக்குவான். "ரேம் மாத்த முடியாது"ன்னு பாக்கெட் மேல பெருசா அச்சடிக்கணும்ங்கறது என் ஆசை. அது நடக்கற வரைக்கும், காசு கொடுக்கறதுக்கு முன்னாடி "ஸ்லாட் இருக்கா, சால்டரா?"ன்னு கேக்கறது நம்ம பொறுப்பு.

டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வேண்டுகோள். லேப் ஓரத்துல ஸ்கிராப்னு குவிச்சு வச்சிருக்கற பழைய மெஷின்கள்ல நாலைஞ்சை, ஒரு சனிக்கிழமை மதியம் செகண்ட் இயர் பசங்க கையில கொடுங்க. கழட்டட்டும், லேபிள் படிக்கட்டும், மாட்டட்டும், மெம்டெஸ்ட் ஓட்டட்டும். சிலபஸ்ல வேண்டாம், மார்க்கும் வேண்டாம்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. அடுத்த லீவுல ஊருக்குப் போறப்போ, வீட்டு மெஷினோட இந்த நாலு விவரத்தையும் ஒரு சீட்டுல எழுதி கேபினட் பக்கவாட்டுல ஒட்டிடுங்க. நீங்க ஹாஸ்டல்ல இருக்கறப்போ மெஷின் மக்கர் பண்ணினா, அப்பா அந்தச் சீட்டைப் பார்த்து கடையில சொல்லிப்பார்.