எண்ணைக் காட்டாத எச்சரிக்கை போதாது

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனம் வாங்கக் கடன் கோரி வருவோர் கொண்டுவரும் விலைப்பட்டியல்களில் துணைப்பொருள்களுக்கென ஒரு பகுதி இருக்கும். முன்புற இரும்புத் தடுப்பு, கூடுதல் விளக்குகள், கூரைமேல் சுமைத்தட்டு, இருக்கை உறை என்று அது நீளும். டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும், அது எந்த வகை என்று வாங்குபவர் கேட்பதில்லை. ஆனால் வண்டியின் எடை முழுவதையும் தாங்குவது டயர்களுக்குள் அடைபட்டுள்ள காற்றுதான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. ஆகவே இக்கருவியை மற்றத் துணைப்பொருள்களுக்கு முன்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு தகுதிகளை விட்டுக்கொடுக்கலாகாது. ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் தனித்தனியே எண்ணாகக் காட்ட வேண்டும் என்பது முதலாவது. எச்சரிக்கை எல்லையை உரிமையாளரே மாற்றியமைக்க இயல வேண்டும் என்பது இரண்டாவது.

இக்கருவிகள் இருவகைப்படும். மறைமுக வகை காற்றழுத்தத்தை அளப்பதே இல்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக்குக்கான வேக உணரிகள் வழியே அந்த வேறுபாட்டைக் கண்டு விளக்கை எரியவைப்பதே இவ்வகையின் செயல்முறை. நான்கு டயர்களிலும் ஒரே அளவில் காற்று குறைந்தால் வேறுபாடு தோன்றாது, எச்சரிக்கையும் வராமற்போகலாம். நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உணரி இருந்து, அளந்த அழுத்தத்தை வானொலி அலை மூலம் ஓட்டுநருக்குத் தெரிவிக்கிறது. எந்தக் கணக்கில், எவ்வளவு என்று கூறாமல் ‘பணம் குறைந்துவிட்டது’ என்று மட்டும் வரும் குறுஞ்செய்தியை வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். வெறும் விளக்கை மட்டும் எரியவிடும் கருவியும் அத்தகையதே.

சட்டம் கேட்பதை வாகனம் நிறைவேற்றினால் போதுமே என்று சிலர் வாதிடலாம். அமெரிக்கா 2007 செப்டம்பர் முதல் புதிய இலகுரக வாகனங்கள் அனைத்திலும் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அவ்வாறே செய்தது. நம் நாட்டில் மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனங்களும் இருந்தால், டியூப் இல்லாத டயர்கள் பொருத்திய 3.5 டன் வரையிலான பயணியர் வாகனங்களில் ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 விழுக்காடு குறைந்தபின் விளக்கு எரிந்தால் போதுமானது. 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. முழுச் சுமையுடன், கோடை வெயிலில், விரைவுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது மிகவும் பிந்திய எச்சரிக்கை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது. அதனால் வெப்பம் பெருகுகிறது. அந்த வெப்பமே டயரை வெடிக்கச் செய்கிறது.

நான்கு சக்கர இயக்க வாகனத்தின் உரிமையாளர் செல்லும் இடங்களை எண்ணிப் பார்த்தால் இந்தத் தேவை மேலும் விளங்கும். தில்லியிலிருந்து மணாலி வழியாக லேவுக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. எனவே தில்லியில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயரை அங்கே கையளவியால் சோதித்தால், வெப்பநிலை மாறாதிருக்கும் பட்சத்தில், ஏறக்குறைய 37 காட்டும். குளிர் இதற்கு எதிர்த்திசையில் செயல்படும். 40 டிகிரி வெயிலில் 32 நிரப்பிய டயர், அதே உயரத்தில் 0 டிகிரிக்குக் குளிர்ந்தால், காற்று சிறிதும் கசியாமலேயே ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ இழக்கும்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. சில உணரிகள் முழு அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. அத்தகைய கருவி லேயிலும் 32 என்றே காட்டும்; கையளவியோ 37 என்னும். உயரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளுமா என்பது விற்பவரிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. லேயில் 37-ஐக் கண்டு காற்றை இறக்கி 32 ஆக்கியவர், திரும்பும்போது அதை மறந்துவிட்டால், சமவெளியின் விரைவுச்சாலையில் 27-உடன் ஓடுவார். மலையில் நிகழாத விபத்து வீட்டுக்கு அருகில் காத்திருக்கும்.

மணலில் நிலைமை வேறு. ஜெய்சால்மர் அருகிலுள்ள சாம் மணற்குன்றுகள் போன்ற இடங்களில் டயர் புதையாதிருக்க, அழுத்தத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டுமென்றே குறைக்கிறார்கள். இன்னும் தாழ்ந்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். எல்லையை மாற்ற இயலாத கருவி இங்கே இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சலித்துப்போன ஓட்டுநர் அதை அணைத்துவிடுவார். தார்ச்சாலைக்குத் திரும்பிய பிறகும் அது அணைந்தே கிடக்கும். எல்லையை மாற்றக்கூடிய கருவியாக இருந்தால் மணலுக்கு ஓர் அளவு, சாலைக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சுமையேற்றும்போது முன் டயர்களுக்கும் பின் டயர்களுக்கும் வெவ்வேறு எல்லைகள் வைக்கவும் வழி இருக்க வேண்டும்.

உணரியை எங்கே பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளி உணரியைச் சில நிமிடங்களில் நாமே பொருத்தலாம், மின்கலத்தையும் மாற்றலாம். ஆயினும் கல்லும் முட்புதரும் அதை உடைக்கக்கூடும், திருட்டுக்கும் எளிது, காற்றை இறக்கும்போதெல்லாம் கழற்றவும் வேண்டும். ரிம்முக்குள் அமரும் உள் உணரிக்கு இத்தொல்லைகள் இல்லை. ஆனால் அதன் மின்கலம் தீர்ந்தால் பெரும்பாலும் உணரியையே மாற்ற நேரும். பஞ்சர் அடைக்கும் திரவம் அதன் துளையை அடைத்துவிடவும் கூடும். பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவருக்கு, உலோக வால்வுடன் கூடிய வெளி உணரி போதும். அடிக்கடி கரடுமுரடான பாதையில் இறங்குபவர் உள் உணரியை நாடுவதே நன்று. எதுவாயினும் ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து உணரிகளாக வாங்க வேண்டும். ஆளரவமற்ற பாதையில் எடுத்து மாட்டும்போது ஸ்டெப்னியில் காற்றில்லாவிட்டால் அதைச் சுமந்து சென்றதில் பயனில்லை. சட்டம் விலக்களித்தாலும், இத்தகைய பயணங்களுக்கு ஸ்டெப்னியைக் கைவிடக் கூடாது.

‘கையளவி ஒன்றே போதாதா? அது சில நூறு ரூபாய்தானே’ என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், மாதம் ஒருமுறை காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கையளவியால் சோதித்து இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். ஆனால் ஓடும் வண்டியில் ஆணி குத்தி மெல்ல மெல்லக் காற்று இறங்குவதைக் கையளவி அறிவிக்காது. அந்த இடைவெளியை நிரப்பும் கருவிக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். இவ்வாகனங்களின் டயர் ஒன்றின் விலையே பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. உள்ளே அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கு விலை கூற இயலாது.

அடுத்த முறை விலைப்பட்டியல் கைக்கு வரும்போது, கூடுதல் விளக்குகளுக்குக் குறியிடும் முன் விற்பனையாளரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு டயரின் எண்ணும் தெரியுமா? எல்லையை நான் மாற்றலாமா? உயரத்தில் அளவு சரியாக இருக்குமா? ஸ்டெப்னிக்கும் உணரி உண்டா? தெளிவான விடை கிடைத்த பிறகு கையொப்பமிடுங்கள்.