பேருந்து வராத ஊருக்கு வீடு எதற்கு?

மாண்புமிகு வீட்டுவசதி, சமூகங்கள், உள்ளாட்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு, லண்டன்.



ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் என்று வாக்குறுதி தந்து 2024இல் ஆட்சிக்கு வந்த அரசு உங்களுடையது. நான் குடியிருப்பது வேல்ஸ் எல்லைக்கு அருகே ஒரு சிற்றூரில். ஒரு தேவாலயம், நாலைந்து பண்ணைகள், வளைந்து போகும் ஒற்றைச் சாலையின் இருபுறமும் கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் ஊர். அந்த 15 லட்சத்தில் எங்களுக்கு எத்தனை என்று மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தைப் புரட்டினால், எங்கள் ஊரின் பெயரே அதில் இல்லை. நகரம், பெரிய கிராமம், சிறிய கிராமம் என்று படிப்படியாக இறங்கும் பட்டியல் எங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் 'திறந்த நாட்டுப்புறம்'. தேவாலயத்தில் எண்ணூறு வருடக் கல் இருக்கிறது. ஆனால் கணக்கில் நாங்கள் வெறும் வயல்.

இந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவர் உண்டா, பேருந்து வருமா என்று ஊர் ஊராக மதிப்பெண் போடுவார்கள். தேறிய ஊரைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார்கள். தமிழ்நாட்டில் நத்தம் எல்லை மாதிரி. கோட்டுக்குள் வீடு கட்டக் கேட்கலாம். தேறாத ஊருக்குக் கோடே கிடையாது. அங்கே வீடு கட்டினால் குடிவருபவர் எதற்கெடுத்தாலும் காரை எடுப்பார், ஆகவே அந்த இடம் 'நிலைத்தன்மையற்றது' என்பது தீர்ப்பு. வீடு இல்லாததால் இளம் குடும்பங்கள் வரவில்லை. பிள்ளைகள் இல்லாததால் பள்ளியை மூடினார்கள். ஆள் ஏறாததால் பேருந்தை நிறுத்தினார்கள். அடுத்த முறை மதிப்பெண் போட வரும்போது நாங்கள் இன்னும் கீழே போயிருப்போம். கார்டன் பிரவுன் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் மாத்யூ டெய்லர் 2008இல் கொடுத்த அறிக்கை இதை 'நிலைத்தன்மைப் பொறி' என்றே சொன்னது. அறிக்கை வந்தது, போனது. பொறி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைவிட நேர்மையாக நடந்துகொண்ட ஒரு நிர்வாகம் இந்த நாட்டில் இருந்தது. டர்ஹம் மாவட்டம், 1951. சுரங்கங்கள் வற்றப்போகின்றன என்று கணக்குப் போட்டு ஊர்களை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்தார்கள். 'டி' முத்திரை விழுந்தவை 114 ஊர்கள். அங்கே சொல்லும்படியான பொதுப்பணம் இனிச் செலவாகாது, மக்கள் மெல்ல வேறிடம் போகட்டும் என்று எழுத்திலேயே வைத்தார்கள். ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதையின் மேற்கு முனையாக 1825இல் இருந்த விட்டன் பார்க் ஊருக்கும் 'டி'தான் கிடைத்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1977இல் அந்தக் கொள்கையையே கைவிட வேண்டியதாயிற்று. விட்டன் பார்க் இன்றும் இருக்கிறது. கொடுமையான கொள்கைதான். ஆனால் எதிர்த்து நிற்க ஒரு முத்திரையாவது இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததை எதிர்த்து யாரிடம் கொடி பிடிப்பது?

இங்கே ஒரு விண்ணப்பம் எப்படி நகர்கிறது என்று சொல்கிறேன். பால் பண்ணைக்காரர் ஒருவரின் மகள், முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர், அப்பாவின் வயல் மூலையில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று கட்டக் கேட்டார். வயல் கேட்டில் மஞ்சள் அறிவிப்பைக் கட்டினார்கள்; கருத்துச் சொல்ல 21 நாள். வழியில் ஒரு பழைய கொட்டகையை இடிக்க வேண்டியிருந்ததால் வௌவால் கணக்கெடுப்பு. வௌவால்கள் அந்தியில் வெளியே வருவதை மே முதல் செப்டம்பர் வரைதான் எண்ண முடியும். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த மே. பிறகு சாலைத் துறை வந்தது. எங்கள் சந்தில் டிராக்டருக்கு எதிரே கார் வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை இல்லாததால், காகிதத்தில் அது 60 மைல் வேகச் சாலை. உண்மையான வேகத்தை அளந்து காட்டாவிட்டால், வாசலில் 2.4 மீட்டர் உள்ளே நின்று பார்க்கும்போது இருபுறமும் 215 மீட்டர் தெரிய வேண்டும். அதற்கு வேலிப்புதரை வெட்ட வேண்டும். வேலிப்புதரில் கை வைக்கக் கூடாது என்று சூழலியல் அலுவலர் எழுதினார். இரண்டு கடிதங்களும் ஒரே கோப்பில், அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. திட்டமிடல் குழுக் கூட்டத்தில் பேச அந்தப் பெண்ணுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கடைசியில் மறுத்தார்கள். அதற்கு வௌவாலும் காரணமில்லை, வேலியும் காரணமில்லை. பேருந்து இல்லை என்பதுதான் காரணம்.

அதே சந்தில், சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு மாட்டுக் கொட்டகை இப்போது சொகுசு வீடாகி நிற்கிறது; வார இறுதியில்தான் விளக்கு எரிகிறது. 2014இல் கொண்டுவந்து, இப்போது 'கிளாஸ் க்யூ' எனப்படும் விதிப்படி, பண்ணைக் கட்டடம் உறுதியாக இருந்தால் முழு விண்ணப்பம் இல்லாமலே அதை வீடாக்கலாம். 2024இல் அதை இன்னும் தளர்த்தி, ஒரு பண்ணையில் பத்து வீடுகள் வரை என்றாக்கினார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும் காட்டி அதை மறுக்கக் கூடாது என்பது அரசின் வழிகாட்டல். ஆக, கொட்டகைக்குப் பேருந்து வேண்டாம்; கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி வளர்ந்த பெண்ணுக்கு வேண்டும். பணக்காரருக்கு இன்னொரு கதவும் உண்டு. வடிவமைப்பு அபூர்வமாக இருந்தால் நடு வயலிலும் மாளிகை கட்டலாம் என்ற விலக்கு, ஜான் கம்மர் அமைச்சராக இருந்த 1997இலிருந்து ஏதோவொரு வடிவில் தொடர்கிறது. சாதாரண வீடு கேட்டதுதான் இந்தப் பெண் செய்த தப்பு போலும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1930களில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நாடா விரித்ததுபோல் வீடுகள் முளைத்ததும், அதைத் தடுக்க 1935இல் தனிச் சட்டம் வந்ததும், 1947 சட்டம் நிலத்தில் கட்டும் உரிமையையே அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்ததும் வீணல்ல. என் சன்னலுக்கு வெளியே இன்னும் மலை தெரிகிறதென்றால் அந்தச் சட்டங்களால்தான். ஆனால் கட்டுப்பாடு யார் கழுத்தைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஹெரிபோர்ட்ஷயரின் வடபகுதியில் லக் ஆறு ஓடுகிறது. பாஸ்பேட் மிகுந்து ஆறு கெட்டுப்போனதால், 2018 ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, 2019 அக்டோபரில் அந்தப் படுகையில் புது வீடுகளுக்கான அனுமதி நின்றது. லக் போய்ச் சேரும் வை ஆற்றுப் படுகையிலோ 2 கோடிக்கு மேல் கோழிகள் வளர்கின்றன. அந்த எருவும் வயல் வழியாக ஆற்றுக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கோழிக் கூடங்கள் பலவும் வரிசையாக அனுமதி வாங்கி எழும்பியவை. வீட்டுக்கழிவு ஆற்றைக் கெடுக்காது என்று நான் வாதாடவில்லை. கோழிக்குக் கிடைத்த சலுகையைக் குடும்பம் கேட்டபோது ஆறு நினைவுக்கு வந்ததே என்றுதான் சொல்கிறேன்.

அறுபது வீட்டு மனைப்பிரிவு எங்களுக்கு வேண்டாம். ஐந்தாண்டுக்கான நிலக் கையிருப்பைக் காட்ட முடியாத மாவட்டங்களில் பெரிய நிறுவனங்கள் மேல்முறையீடு செய்து அப்படி அனுமதி வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறோம். எங்களுக்குப் பத்தாண்டில் நாலு வீடு போதும். அதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. சிற்றூர்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் ஓர் ஊரில் எழும் வீடு பக்கத்து ஊரின் கடைக்கும் பள்ளிக்கும் துணையாகலாம் என்று உங்கள் தேசியத் திட்டமிடல் கொள்கையே சொல்கிறது. அந்த வரி மாவட்ட அலுவலர்களைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அழுத்தமாக இல்லை, அதை அழுத்தமாக்குங்கள். உள்ளூரில் வேலையோ உறவோ உள்ளவர் மட்டுமே குடியிருக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டுக் கட்டும் விதிவிலக்கு மனைகளைக் கோடு இல்லாத ஊர்களுக்கும் தயங்காமல் கொடுங்கள். 2011 சட்டம் ஊர்களுக்கே தங்கள் திட்டத்தை எழுதும் உரிமை தந்தது. அதற்கு உதவிய அரசுப் பணத்தை 2025இல் நிறுத்தினீர்கள். நகரத்துப் பேட்டைக்கு ஓய்வுபெற்ற வழக்கறிஞர் கிடைப்பார். எங்கள் ஊர் மன்றத்துக்கு மாலையில் பால் கறந்துவிட்டு வருபவர்தான் கிடைப்பார். அந்தப் பணத்தைத் திரும்பக் கொடுங்கள்.

சிறு விண்ணப்பத்துக்கு எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதி. இந்த மடலுக்கும் அதே கெடுவை வைத்துக்கொள்ளலாம். கால நீட்டிப்புக்குச் சம்மதம் கேட்டு உங்கள் அலுவலகம் கடிதம் அனுப்பினால், இங்கே எல்லோரும் செய்வதுபோல நானும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பட்டியலில் இல்லாத ஊரிலிருந்து ஒருவர்