படிக்காதவன் குற்றமா?

“சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கடனட்டைக்காரன் என்ன செய்வான்?” என்கிறார் நண்பர். கியூபெக்கின் புரோசார்ட்டில் இருந்துகொண்டா இந்தப் பேச்சு! 833,337 அமெரிக்க டாலர் பரிசு விழுந்ததுபோல் டைம் நிறுவனம் அனுப்பிய மடலை நம்பிய கியூபெக்காரர் வழக்கில், 2012இல் கனடா உச்ச நீதிமன்றம் எடுத்த அளவுகோல் கெட்டிக்காரர் அல்ல; எதையும் எளிதில் நம்பும், அனுபவமில்லாத நுகர்வோர். தண்டம் 15,000 டாலர். என்னைக் கேட்டால் அது குறைவு.

2014இல் அதே நீதிமன்றத்தில் வங்கிகளுக்கு எதிரான மார்க்கோட் வழக்கு. கடனட்டையால் வெளிநாட்டில் வாங்கியதற்கான நாணய மாற்றுக் கட்டணத்தைச் சில வங்கிகள் ஒருகாலத்தில் ஒப்பந்தத்தில் சொல்லவே இல்லை. மாற்று விகிதத்துக்குள் கரைத்தே வசூலித்தன. எழுதாத எழுத்தை எந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பது, ஐயா?